தோற்ற பிறகு சபைக்குள் எப்படி நுழைவது?

புதுச்சேரி நெல்லித்தோப்பைச் சேர்ந்த ஒரு தம்பி எழுதியிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அவருக்கு வயது 31. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, அக்காவின் நகைகளை அடகு வைத்துக் கிடைத்த பணத்தோடு வெளியிலும் கடன் வாங்கி, வில்லியனூர் சாலையில் ஒரு பேக்கரி தொடங்கினார். அந்த ஆண்டின் கடைசி இரவில் சபையில் நடந்த வாட்ச் நைட் ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் தம்மை வாலாக்காமல் தலையாக்கினார் என்று சாட்சி சொன்னார். இரண்டே ஆண்டில் கடையை மூட வேண்டியதாயிற்று. ஐந்து மாதங்களாக அவர் சபைக்குப் போகவில்லை. ‘கர்த்தர் என்னைக் கைவிட்டாரா, அல்லது நான்தான் அவர் சித்தத்துக்கு விரோதமாகப் போனேனா? எதுவானாலும், ஒரு விசுவாசி இதைக் கிருபையோடு ஏற்றுக்கொள்வது எப்படி? யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை ஐயா’ என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரச் சபைகளில் பிரசங்கம் செய்துவருகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வெவ்வேறான மூன்று காரியங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டைக்குத் ‘தோல்வி’ என்று பேர் வைத்துத் தலையில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. உங்கள் கடைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது என்றும், மைதா மூட்டைகளும் ஓவனும் பாழாயின என்றும் ஏறக்குறைய ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இது இழப்பு. இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. உங்களைத் தண்டிப்பதற்காகக் கர்த்தர் ஒரு நகரத்தையே மழையில் மூழ்கடித்தார் என்று நினைப்பது அவரைப் பற்றிய தவறான எண்ணம். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைக் குறித்து இயேசு பேசும்போது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைப் பார்க்கிலும் குற்றவாளிகளாக இருந்தார்கள் என்று எண்ணாதிருக்கும்படி சொன்னார். நேர்ந்த கேட்டை வைத்து ஒருவனுடைய கணக்கைப் பின்னோக்கி வாசிக்கும் பழக்கத்துக்கு அவர் அன்றே கதவடைத்தார்.

அடுத்து, வாடகையையும் முன்பணத்தையும் சரியாகக் கணக்கிடாமல் ஒப்பந்தம் போட்டதையும், அதே சாலையில் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடைகளைக் கவனிக்காமல் விட்டதையும் சொல்கிறீர்கள். இது அனுபவக்குறைவு. இதற்காக வெட்கப்படலாம், ஆனால் உபவாசமிருந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்த ஒருவரிடம் போய் உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கடிதத்தின் நடுவில், மழையைப் பற்றிய பக்கத்துக்கும் சபையைப் பற்றிய பக்கத்துக்கும் இடையே, அரை வரியில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். அக்காவின் நகைகளை ஒருமுறை மீட்டு, அவரிடம் சொல்லாமல், கூடுதல் தொகைக்கு மறுபடியும் வைத்தேன் என்கிறீர்கள். தம்பி, இது இழப்புமன்று, அனுபவக்குறைவுமன்று. இதற்கு வேதத்தில் இருக்கும் பேர் பாவம். அன்போடும் கவலையோடும்தான் இந்தச் சொல்லை எழுதுகிறேன், ஏனென்றால் உங்களைச் சபை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பது மூடிய கடையின் ஷட்டர் அன்று, இந்த அரை வரிதான் என்று நம்புகிறேன்.

இவை மூன்றும் கலந்துவிட்டால் எதற்கும் விடிவு பிறக்காது. மழைக்காக மனந்திரும்ப முயல்கிறவன் அவநம்பிக்கையில் விழுவான், ஏனென்றால் செய்யாத குற்றத்துக்கு எவ்வளவு அழுதாலும் மன்னிப்பின் நிம்மதி வராது. சொல்லாமல் வைத்த நகைக்காக வெறுமனே துக்கப்பட்டுக்கொண்டிருக்கிறவனோ தன்மேல் தானே இரக்கப்படத் தொடங்கி, தன்னால் நஷ்டப்பட்டவரை மறந்துவிடுவான். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1518ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் நகரில் முன்வைத்த கருத்துகளில் ஒன்று, சிலுவையின் வழியே தேவனை அறிகிறவன் உள்ளதை உள்ளபடி பேர் சொல்லி அழைப்பான் என்பது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமாக இருக்கும் எங்கள் கடலூரிலும் நாங்கள் அதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மறப்பதற்கு ஒரு காரணம், கிருபை என்ற சொல்லை நாம் புழங்கும் விதம். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் கிருபை, வீடு கட்டி முடித்தால் கிருபை, ‘தேவ கிருபையால் எல்லாரும் சுகம்’ என்று ஃபோனில் நலம் சொன்னாலும் கிருபை. ‘தேவ கிருபையால் கடையை மூடினோம், கடன்காரர்களிடம் உண்மையைச் சொன்னோம், இரவில் தூக்கம் வருகிறது’ என்று எந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை. வேதத்திலோ அந்தச் சொல் பெரும்பாலும் கைவெறுமையானவர்கள் பக்கம்தான் நிற்கிறது. ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்பது, தன் மாம்சத்திலே இருந்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று தரம் கெஞ்சி, அது எடுக்கப்படாமல் போனபோது அவருக்குக் கிடைத்த பதில். கேட்டது கிடைக்காத இடத்தில் பிறந்த அந்த வசனத்தைக் கேட்டதெல்லாம் கிடைத்த வீடுகளின் வரவேற்பறைகளில் நாம் மாட்டி வைத்திருக்கிறோம்.

சாட்சி நேரமும் அப்படித்தான் ஆகிவிட்டது. பரீட்சையில் தேறியவர், அறுவை சிகிச்சையில் பிழைத்தவர், வெளிநாட்டு விசா கிடைத்தவர் ஆகியோர் எழுந்து நிற்கிறார்கள். அது நல்லது, அவர்களோடு சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்வோம். ஆனால் தேறாதவரும் விசா கிடைக்காதவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நம்மிடம் ஒலிபெருக்கி இல்லை. அதனால்தான் நீங்கள் அன்று சாட்சி சொன்னதை இன்று பொய்சாட்சி போல உணர்கிறீர்கள். அன்று நன்றி சொன்னது பொய்யன்று. கடையின் ஓட்டத்தையும் கர்த்தரின் தயவையும் ஒரே தராசில் வைத்துப் பேசியதுதான் பிழை. அந்தப் பிழையை உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் என்னைப்போன்ற பிரசங்கிகளுக்கும் பங்கு உண்டு. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் உங்களுக்கு வந்த எரேமியா 29:11ஐயும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற அந்த வரி யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். கி.மு. 597இல் யூதாவின் ராஜாவாகிய எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. சீக்கிரமே வீடு திரும்பிவிடலாம் என்று அவர்களிடம் தீர்க்கதரிசனம் சொன்னவர்கள் இருந்தார்கள். எரேமியாவோ எழுபது வருஷம் ஆகும் என்றார். அதுவரை அங்கேயே வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்றார். அட்டையில் அச்சான 11ஆம் வசனம், அச்சாகாத 10ஆம் வசனத்தின் எழுபது வருஷத்தைத் தாண்டித்தான் வருகிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த எழுபது வருஷத்தின் முடிவைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கர்த்தர் அவர்களை மறக்கவில்லை என்பதே கடிதத்தின் செய்தி. ஆகவே, கைவிட்டாரா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான். ஆனால் அதற்குச் சான்றாகப் புதிய கடை ஒன்றை அவர் திறந்து தருவார் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன்.

இனி இயேசுவின் சீஷராகிய பேதுருவிடம் வருவோம், ஏனென்றால் சொல்லிவிட்டுச் செய்யத் தவறிய மனிதருக்கு அவரைவிட நெருங்கிய உறவினர் வேதத்தில் இல்லை. எல்லாரும் இடறலடைந்தாலும் நான் ஒருக்காலும் இடறலடையேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னவர் அவர். அதுவும் ஒரு சாட்சிதான். அந்த இரவு விடிவதற்குள், பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், குளிருக்காக மூட்டப்பட்ட தீயின் அருகே நின்று, இயேசுவை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்தார். யோவான் அந்தத் தீயைக் ‘கரிநெருப்பு’ என்று குறிப்பாகச் சொல்கிறார். மூன்று அதிகாரங்களுக்குப் பிறகு, உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கும் இடத்திலும் அதே சொல் வருகிறது: ‘கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும்’ அவர்கள் கண்டார்கள். மூலமொழியாகிய கிரேக்கத்திலும் இரண்டு இடங்களிலும் ஒரே சொல்தான். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது இல்லை.

கரி கனலும் வாசனையை அறிந்தவர்களுக்கு இதன் கூர்மை புரியும். முகத்தையும் பேச்சையும் மறந்துவிடலாம். ஒரு வாசனை மூக்கில் ஏறினால் அந்த நாளே திரும்பி வந்துவிடும். பேதுரு கடலில் குதித்துக் கரைக்கு வந்தபோது அவரை வரவேற்றது அவர் தோற்றுப்போன இரவின் வாசனை. ஆண்டவர் அதைத் தவிர்த்திருக்கலாம், கோயில் மண்டபத்திலோ மலைமேலோ சந்தித்திருக்கலாம். அவரோ கரிநெருப்பை மூட்டி, அதே வாசனையின் நடுவே மீனைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே நடந்தவற்றின் வரிசையை இன்னும் நெருங்கிப் பாருங்கள். முதலில், பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார். 153 மீன்கள் இருந்தன, அத்தனை இருந்தும் வலை கிழியவில்லை. பிறகு ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்றார். அவரே அப்பத்தையும் மீனையும் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பின்புதான், ‘யோனாவின் குமாரனாகிய சீமோனே, இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா’ என்று கேட்டார். ‘இவர்களிலும் அதிகமாய்’ என்ற சொல் பேதுருவின் பழைய பெருமையை நேராகத் தொடுகிறது. மறுதலித்தது மூன்று தரம், கேள்வியும் மூன்று தரம். மூன்றாம் தரம் பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. ஆக, வலிக்காமல் நடந்த காரியமன்று அது. ஆனால் பசியோடு நின்ற மனிதரிடம் கேட்கப்படவில்லை, ஊட்டப்பட்டு உட்கார்ந்திருந்த மனிதரிடம் கேட்கப்பட்டது. கிருபை எப்படி வேலை செய்கிறது என்று என்னைக் கேட்டால், இந்த வரிசையைத்தான் காட்டுவேன்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவனும் மனஸ்தாபப்பட்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான், பாவஞ்செய்தேன் என்று வாயால் அறிக்கையும் செய்தான். அவன் போன இடம் பிரதான ஆசாரியரிடம். அவர்கள் சொன்ன பதில்: ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு.’ இந்த மூன்று சொற்களைவிடக் கொடிய பதில் வேதத்தில் எங்கும் இல்லை என்பது என் எண்ணம். பேதுருவோ அழுதபின் மற்ற சீஷர்களின் நடுவே இருந்தார். மீன்பிடிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, நாங்களும் உம்முடனே வருகிறோம் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். இருவருக்குள்ளும் வேறுபாடுகள் பல உண்டு, ஆனால் வெட்கத்தை யாரிடம் கொண்டுபோனார்கள் என்பது அவற்றில் முக்கியமானது. ஐந்து மாதங்களாக நீங்கள் யாரிடமும் போகாமல், இரவு முழுவதும் உங்களிடமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் குரல் உங்களிடம் ‘அது உன்பாடு’ என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதை நான் பிரசங்கக் குறிப்பிலிருந்து மட்டும் எழுதவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் எங்கள் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அடுத்த மாதம், நிவாரணப் பொருள்கள் கொடுக்க வந்திருந்த ஓர் அமைப்புக்காகத் தேவனாம்பட்டினத்தில் குடும்பங்களின் பட்டியலை எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. ஆசிரியர், கையெழுத்து நன்றாக இருக்கும், சபைக்காரர் என்று நம்பிக் கொடுத்தார்கள். குடும்ப அட்டையைப் பார்த்து, ஓர் அட்டைக்கு ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டே போனேன். கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஓர் இளம்பெண், கைக்குழந்தையோடு வந்து நின்று, ‘சார், மாமனார் அட்டையிலதான் பேரு இருக்கு, ஆனா நாங்க தனி அடுப்பு சார்’ என்றார். அட்டையில் உள்ளபடிதான் எழுத முடியும் என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

தனி அடுப்புக் குடும்பங்களை ஊர்ப் பஞ்சாயத்தின் கடிதத்தோடு தனியாகச் சேர்க்கலாம் என்று எனக்குக் கொடுத்த காகிதத்தின் பின்பக்கத்திலேயே இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை. மற்ற தெருக்களுக்கு முன்பாக என் பட்டியல் முடிந்துவிட வேண்டும் என்ற அவசரமும், முடிந்ததும் கிடைத்த பாராட்டும்தான் அதற்குக் காரணம். பாத்திரங்களும் பண உதவியும் அந்தப் பெண்ணுக்குத் தனியாகக் கிடைக்கவில்லை. சில வாரங்கள் கழித்து அந்தக் காகிதத்தைத் திருப்பியபோது என் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. ஆனாலும் போகவில்லை. எட்டு மாதங்கள் கடற்கரைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மாலை நடைக்குக் கெடிலம் ஆற்றுப் பாலத்துப் பக்கம் போனேன். அந்த எட்டு மாதமும் பிரசங்கம் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். அவர் அதற்குள் கூடையில் மீன் சுமந்து விற்கத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் வியாபாரம் முடித்து வந்து, அடுப்பில் சங்கரா மீன் குழம்பைக் கொதிக்க விட்டிருந்தார். வாசலில் நின்றபடியே மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பாயை விரித்து, தட்டைக் கழுவி வைத்து, ‘மொதல்ல சாப்பிடுங்க சார், அப்புறம் பேசிக்கலாம்’ என்றார். அவர் சபைக்காரர் அல்லர். யோவான் 21ஐ வாசித்தவரும் அல்லர். நான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன். பிறகு காகிதத்தின் பின்பக்கத்தைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘எனக்கு அப்பவே தெரியும் சார். நீங்க இந்தப் பக்கம் வரமாட்டீங்கன்னுதான் நெனச்சேன்’ என்றார். அடுத்து அவர் கேட்டது, ‘இப்ப என்ன செய்யலாம், சொல்லுங்க.’

அதன்பின் குடும்ப அட்டையைத் தனியாகப் பிரிப்பதற்காக இருவரும் பலமுறை அலைந்தோம், அட்டை வந்தது. அவருக்குக் கிடைக்காமல் போன உதவியில் ஒரு பகுதியை என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொடுத்தேன், முழுவதையும் என்னால் ஈடுகட்ட முடியவில்லை. அந்தப் பெண் என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஆனால் கடற்கரைக்கு மறுபடியும் நடக்கப் போகிறேன், வழியில் பார்த்தால் அவர் நின்று பேசுகிறார்.

அதே தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலோடு சேரும் இடத்தருகே புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் இருக்கின்றன. அதோடு தொடர்புடைய ஒருவரைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். யோகான் சகரியா கியர்நாண்டர் என்ற சுவீடன் நாட்டு மிஷனரி 1740இல் கடலூருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஊழியம் செய்தார். 1758இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கடலூரையும் கோட்டையையும் பிடித்தபோது, கட்டியெழுப்பியதை எல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் கல்கத்தாவுக்குப் போய் மறுபடியும் தொடங்கினார். பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தில் அங்கே ஓர் ஆலயம் கட்டினார், 1770இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. இதோடு நிறுத்தியிருந்தால் சாட்சி நேரத்துக்கு ஏற்ற கதை. ஆனால் 1787இல், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், மகனுடைய கட்டட முயற்சிகளில் ஏறிய கடனால் அவர் திவாலானார். தம் கையால் கட்டிய ஆலயமே கடனுக்காக ஜப்தி செய்யப்பட்டது. சார்லஸ் கிராண்ட் என்பவர் 10,000 ரூபாய் கொடுத்து மீட்டதால்தான் அது ஆலயமாகவே நிலைத்தது. கியர்நாண்டருக்குப் பழைய செல்வமோ பழைய பேரோ திரும்பி வரவில்லை. அவர் டச்சுக்காரர்களின் குடியிருப்பாகிய சின்சுராவுக்குப் போய், அங்கிருந்த சிறு கூட்டத்துக்குப் போதகராக இருந்தார்.

பல ஆண்டுகளுக்கு முன் இதை வாசித்தபோது, கடைசிப் பகுதியில் கர்த்தர் எங்கே என்று கேட்டேன். இப்போது வேறுவிதமாகப் படிக்கிறேன். கடலூரில் அவர் இழந்தது போரினால். கல்கத்தாவில் இழந்ததற்குக் குடும்பமும் பணமும் காரணம். இரண்டாவதில் அவருடைய பங்கும் இருந்திருக்கும். ஆனாலும் ஆலயத்தை மீட்டவர் வேறொருவர் என்பதையும், மீட்கப்பட்ட ஆலயத்துக்கு வெளியே அந்த முதியவருக்கு இன்னும் ஊழியம் இருந்தது என்பதையும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. சின்சுராவில் அந்தச் சிறு கூட்டத்துக்கு அவர் அப்பம் பிட்டுக் கொடுத்திருப்பார் அல்லவா?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. ஐந்து மாதங்களாகச் சரியான தூக்கமில்லை, ஒருவேளைதான் சாப்பிடுகிறேன் என்கிறீர்கள். சூரைச்செடியின் கீழ், போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், உபதேசமன்று. அவர் சாப்பிட்டு, மறுபடியும் தூங்கி, மறுபடியும் சாப்பிட்டார். ஆகவே இன்று இரவு சாப்பிடுங்கள். எலியா வேண்டியது போன்ற எண்ணம் உங்களுக்கும் வருகிறதென்றால் அதை மறைக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அப்படிச் செய்வது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சபைக்குத் திரும்புவதற்கு முன் அக்காவிடம் போங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் அருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற ஆண்டவரின் சொல் உங்கள் நிலைக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. போகும்போது அடகு ரசீதுகளை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் தொகை எவ்வளவு, சொல்லாமல் வைத்த தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மழையைப் பற்றி அங்கே பேசாதீர்கள். மழை நடந்தது உண்மைதான், ஆனால் அக்காவிடம் அதைச் சொன்னால் அது சாக்காக மாறிவிடும். சொல்லாமல் வைத்தேன் என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், அழலாம், மாமா உங்களை வெளியே போகச் சொல்லலாம். மன்னிப்பு என்பது அவர்கள் கையில் இருக்கும் வரம், அதற்கு நாள் குறிக்கும் உரிமை நமக்கு இல்லை. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்றார். உங்களால் மாதம் இரண்டாயிரம்தான் முடியும் என்றால் இரண்டாயிரத்தைச் சொல்லுங்கள். முடியாத தொகையைச் சொல்லி இன்னொரு வாட்ச் நைட் சாட்சி ஆக்கிவிடாதீர்கள்.

சபையில் எல்லாருடைய முன்பாகவும் எழுந்து எதையும் அறிக்கை செய்ய வேண்டிய கட்டாயமில்லை. உங்கள் போதகரிடமோ, வாயைக் கட்டிக் காக்கத் தெரிந்த ஒரு மூத்தவரிடமோ தனியாகச் சொல்லுங்கள். கத்தோலிக்கச் சகோதரர்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில் பெறும் அந்த விடுதலை நமக்கும் தேவைதான், நாம்தான் அதைக் கைநழுவ விட்டுவிட்டோம். சிலர் உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பக்கூடும். பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுப் போன மாற்குவை மறுபடியும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று பவுல் பிடிவாதம் பிடித்தார், பர்னபாவோ தன் இனத்தானாகிய அவனைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். ஆண்டுகள் கழித்து அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதினார். பவுலின் மனம் மாறும்வரை மாற்கு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை, பர்னபாவோடு போனார். உங்கள் சபையிலும் ஒரு பர்னபா இருப்பார். பெரும்பாலும் அவர் முன்வரிசையில் உட்காருகிறவராக இருக்கமாட்டார்.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றால் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, நடுவில் எந்தத் திருப்பமும் இல்லை. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, பேசப்படுவது கர்த்தரிடம்தான்.

அக்கா வீட்டில் சோறு போட்டால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். போகும் நாளை முன்கூட்டியே எனக்கு எழுதுங்கள் தம்பி. அன்று காலை உங்கள் பேரையும் அக்காவின் பேரையும் சொல்லி ஜெபித்துக்கொண்டிருப்பேன்.